செவிப்பறை நன்றாக அசைந்தால் காது சரியென்று அர்த்தமா?

லேசர் டாப்ளர் வைப்ரோமீட்டர் என்ற கருவி, சத்தத்துக்குச் செவிப்பறை அசைவதை லேசர் கதிரால் நானோமீட்டர் கணக்கில் அளக்கிறது. நல்ல சத்தத்துக்கே அந்த அசைவு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுட்பமான கருவி கையில் இருந்தால் ஆடியோகிராம் (கேள்திறன் சோதனையின் வரைபடம்) எதற்கு என்று தோன்றும். சறுக்குவது அங்கேதான்.

ஓட்டோஸ்கிளிரோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையின் அசைவை உள்காதுக்குக் கடத்தும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற எலும்புச் சங்கிலியில் கடைசியான அங்கவடி இந்த நோயில் இறுகிவிட்டது, அதனால் செவிப்பறையும் அசையாமல் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்போம். நிற்காது. சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவிலுள்ள மூட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால், அசைவு லேசாகத்தான் குறையும். நல்ல காதுகளுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் அளவு மாறும். இந்தச் சிறு குறைவு அதில் கரைந்துபோகும். ஆகவே 'அளவு இயல்பு' என்று வந்தாலும் அங்கவடியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. இறுகியது சுத்தி எலும்பாக இருந்தால் கதை வேறு, அசைவு வெகுவாக விழும். எலும்புச் சங்கிலி அறுந்திருந்தால் சுமை கழன்று அசைவு கூடும்.

அசைவு கூடினால் சங்கிலி அறுந்ததுதான் என்றும் முடிவுகட்ட முடியாது. உள்காதின் மேல் அரைவட்டக் குழலை மூடிய எலும்பில் ஓட்டை விழுந்தாலும் அசைவு கூடும், காற்றுவழிக் கேள்திறனும் (காதுத்துளை வழியாகக் கேட்பது) குறையும். பால்டிமோரில் காது மருத்துவர் லாயிட் மைனர் 1998இல் விவரித்த கோளாறு இது. நடுக்காதைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது, வீண் அறுவை. தாழ்ந்த சுருதிகளில் எலும்புவழிக் கேள்திறன் (மண்டையெலும்பின் அதிர்வு வழியாகக் கேட்பது) இயல்பைவிட நன்றாக இருப்பதும், பெருஞ்சத்தத்துக்கு நடுக்காதுத் தசை சுருங்குவதும் இதைக் காட்டிக்கொடுக்கும். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் கண்-காது மருத்துவமனையில் ஆய்வாளர் ரோசோவ்ஸ்கி குழுவினர் லேசர் அளவை ஆடியோகிராமோடு சேர்த்தே படித்தது சும்மா இல்லை.

நடுக்காதில் நீர் கோத்திருந்தாலோ பறையில் துளை இருந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். குறும்பி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

லேசர் புள்ளி விழ வேண்டியது சுத்தி எலும்பின் நுனி பறையில் ஒட்டியிருக்கும் இடத்தில். தள்ளி விழுந்தால், உயர்ந்த சுருதிகளில் பறை துண்டு துண்டாக ஆடுவதைத்தான் அளப்பீர்கள். கதிர் சாய்ந்தாலும் அளவு குறையும். 60 டிகிரி சாய்வில் பாதிதான் கிடைக்கும். ஒலிவாங்கி பறைக்கு அருகில் இல்லாவிட்டால், எவ்வளவு சத்தத்துக்கு அவ்வளவு அசைவு என்பதே தெரியாது. பதிவு ஓடும்போது நோயாளி எச்சில் விழுங்கிவிட்டால், அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள்.