டைஸைக் குறை சொல்லும் முன்: போனில் ரிஸ்க் ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன கிறிஸ்துமஸ் லீவில் மார்த்தாண்டம் பக்கம் மாமா வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் ஆளுக்கொரு போனோடு குனிந்த தலை நிமிராமல் இருந்தோம். அவித்த மரச்சீனியும் மீன்கறியும் பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருந்தன. திடீரென்று மாமா மகன் போனைப் பாயில் விட்டெறிந்தான். "லேய், பத்துப் பட வெச்சு ஒத்த ஆள அடிச்சேன். எனக்க ஆளு மூணு பேரு செத்தாச்சு, அவன் இன்னும் நிக்கான். இது கள்ளக்களி கேட்டியா!" அன்று ராத்திரியே ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டான்.

முந்தின வருஷம் இதே திண்ணையில் அட்டைப் பலகையில் ஆடியபோது இதே ஆள், இதே மாதிரி, ஒற்றைச் சிப்பாயிடம் மூன்று பேரைத் தொலைத்தான். அன்றைக்கு யாரும் அட்டையைத் திட்டவில்லை. "உனக்க கை சரியில்ல மக்கா, பகடைய எனக்கிட்ட தா" என்று கேலி பண்ணினோம், அவனும் சிரித்தான். கையால் உருட்டினால் குற்றம் கையுடையது. கண்ணாடித் திரை தானே உருட்டிக் காட்டினால் குற்றம் திரையுடையது. போன் ரிஸ்க் பற்றி வருகிற புகார்களில் பாதியாவது இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

ரிஸ்க் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆல்பெர் லாமொரீஸ் என்ற பிரெஞ்சு சினிமா இயக்குநர் உருவாக்கியது. 1957-ல் பிரான்ஸில் வந்தது, 1959-ல் ரிஸ்க் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. உலக வரைபடம், 42 நாடுகள், 6 கண்டங்கள். படை வைப்பது, பக்கத்து நாட்டை அடிப்பது, எல்லாரையும் துடைத்தெடுப்பது, அவ்வளவுதான். போனில் பெரும்பாலோர் ஆடுவது ஆஸ்திரேலியாவின் எஸ்எம்ஜி ஸ்டுடியோ செய்த 'ரிஸ்க்: குளோபல் டாமினேஷன்'.

முதலில் கணக்கு. மாமா மகன் கேஸையே எடுத்துக்கொள்வோம். மூன்று பகடை எறிந்து ஒற்றை ஆளை அடித்தால், அடிக்கிறவன் ஜெயிக்க 66 சதவீத வாய்ப்பு, தோற்க 34. பகடை சமமாக விழுந்தால் தற்காப்பவனுக்கே வெற்றி என்ற விதியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தொடர்ந்து மூன்று முறை தோற்க எவ்வளவு? 34-ஐ மூன்று முறை பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 4 சதவீதம். அதாவது 25 தடவைக்கு ஒரு தடவை. ஒற்றை ஆள் நிற்கிற நாட்டை எல்லாருமாகச் சேர்ந்து ஒரு ஆட்டத்தில் ஐம்பது தடவை அடிக்கிறோம் என்று வையுங்கள். அந்த 'நடக்கவே நடக்காத' விஷயம் சராசரியாக இரண்டு தடவை நடந்தாக வேண்டும். அட்டையில் ஒரு ஆட்டம் முடிய ஒரு முழு மத்தியானம் ஆகும். போனில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு ஆட்டம் முடிந்துவிடுகிறது. கெட்ட பகடையும் அதே வேகத்தில் வந்து சேர்கிறது, அதிலும் நம் தலையில் விழுந்தது மட்டும்தான் ஓர்மையில் நிற்கும்.

இதைவிட அடிக்கடி கண்ணில் படுகிற தவறு ஒன்று உண்டு. என் நாட்டில் 3 என்று எழுதியிருக்கிறது, எதிரி நாட்டில் 2. மூன்றுக்கு இரண்டுதானே என்று அடிக்கிறார்கள். ஆனால் ஒரு ஆள் சொந்த நாட்டில் காவலுக்கு நின்றே ஆகவேண்டும். மூன்று படை இருந்தால் எறிய முடிவது இரண்டு பகடைதான். இரண்டுக்கு இரண்டு எறிந்தால் அடிக்கிறவன் இரண்டு பேரையும் இழக்க 45 சதவீதம் வாய்ப்பு, எதிரியின் இரண்டு பேரையும் கொல்ல 23 சதவீதம்தான். மீதி நேரம் ஆளுக்கொன்று. கூட ஒரே ஒரு படை சேர்த்து 4 ஆக்கினால் மூன்று பகடை வரும், கணக்கு அப்படியே தலைகீழாகும்: இரண்டையும் கொல்ல 37, இரண்டையும் இழக்க 29. அட்டையில் ஆடும்போது கையில் எத்தனை பகடை எடுக்கிறோம் என்று எண்ணித்தான் ஆகவேண்டும். போனில் அந்த எண்ணிக்கை மறைந்துவிட்டது. 'மூணு பேரு ரெண்டு பேருகிட்ட தோத்தானுவ' என்று ஒருவர் அழுதால் அவர் இந்தக் குழியில்தான் விழுந்திருப்பார்.

பெரிய படைக்கு இது பொருந்தாது. மூன்று பகடைக்கு இரண்டு பகடை என்ற உருட்டலே திரும்பத் திரும்ப நடந்தால் லாபம் அடிக்கிறவனுக்குத்தான். எதிரியின் 20 பேரைத் துடைக்க நமக்கு 17 பேர் செலவு, தோராயமாக. அதனால்தான் கோட்டைபோல் குவித்து வைத்துக்கொண்டு 'வரட்டும் பாக்கலாம்' என்று உட்கார்ந்திருப்பவர் கடைசியில் தோற்கிறார்.

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒருவர் சொல்வார், இது முழுக்க அதிர்ஷ்டம். இன்னொருவர், இழுவையோ இழுவை, யாரும் யாரையும் அடிக்க மாட்டேன் என்கிறார்கள். மூன்றாமவர், இருபது நிமிஷத்தில் எல்லாம் வெடித்து முடிந்துவிடுகிறது என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் ஆடியது மூன்று வேறு ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் வருகிற செட்டிங் பக்கத்தைப் பார்க்காமல் 'ஜாயின்' அமுக்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நானே முதல் மாதம் முழுக்க இதைத்தான் செய்தேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பகடைக்கே அதில் இரண்டு வகை. 'ட்ரூ ரேண்டம்' என்றால் விழுந்தபடி விழும், அட்டைமாதிரியே. 'பேலன்ஸ்டு பிளிட்ஸ்' என்றால், ஒரேயடியாக அடித்து முடிக்கிற பிளிட்ஸ் பட்டனை அமுக்கும்போது வருகிற கடைக்கோடி முடிவுகளை விளையாட்டே குறைத்துவிடும். அதிர்ஷ்டம் அதிகம் என்று குறைப்படுகிறவர் முதலில் எதில் ஆடினார் என்று கேட்க வேண்டும். மாமா மகன் ஆடியது ட்ரூ ரேண்டம். கேட்டபோது "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றான்.

ஆனால் ஆட்டத்தின் போக்கையே மாற்றுவது பகடையைவிடக் கார்டு. ஒரு முறையில் குறைந்தது ஒரு நாடாவது பிடித்தால் ஒரு கார்டு கிடைக்கும். ஒன்று பிடித்தாலும் ஒன்று, பத்து பிடித்தாலும் ஒன்றுதான். மூன்று சேர்ந்த செட்டைக் கொடுத்துப் படை வாங்கலாம். 'ஃபிக்ஸ்டு' முறையில் ஒரு செட்டுக்கு 4, 6, 8 அல்லது 10 படை, ஆட்டம் முடிகிறவரை அதே விலை. 'புரோகிரசிவ்' முறையில் யார் கொடுத்தாலும் அடுத்த செட்டின் விலை ஏறும்: 4, 6, 8, 10, 12, 15, 20, 25 என்று போய்க்கொண்டே இருக்கும். ஏலம்போல.

இப்போது யோசியுங்கள். ஃபிக்ஸ்டில் ஒரு கண்டம் முழுவதையும் பிடித்தால் கிடைக்கிற போனஸ் படைதான் சோறு. முறைக்கு இரண்டு படை, மூன்று படை என்று கிடைப்பதே பெரிய விஷயம், எல்லாரும் எல்லையில் குவித்து மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இழுவை என்ற புகார் இங்கிருந்து வருகிறது. புரோகிரசிவ்வில் ஒரு செட்டுக்கு 25 படை கிடைக்கிற கட்டத்தில் இரண்டு போனஸை யார் மதிப்பார்கள்? அங்கே உண்மையான சொத்து அடுத்தவர் கையிலிருக்கிற கார்டு. ஒருவரை ஒழித்தால் அவர் கார்டெல்லாம் நமக்கு. கையில் ஆறு அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அந்த நிமிஷமே செட் போட்டுப் படை வாங்கி அடுத்தவரையும் அடிக்கலாம். சரம் வெடிமாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள்.

ஆகவே நாலு கார்டை வைத்துக்கொண்டு வரைபடம் முழுக்க ஒற்றை ஒற்றை ஆளாகச் சிதறிக் கிடப்பவர், சந்தையில் மடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்தான். 'எல்லாரும் சேந்து என்னையே அடிக்கானுவ' என்று பிறகு சொல்வார். சேரவே வேண்டாம். கணக்குத் தெரிந்த யாராயிருந்தாலும் அவரைத்தான் அடிப்பார்கள்.

பனிமூட்டம், பனிப்புயல் போன்றவை கூடுதல் மசாலா. மூட்டம் போட்டால் நம் எல்லையை ஒட்டிய நாடு மட்டும்தான் தெரியும். புயல் விழுந்த நாட்டில் கால் வைக்க முடியாது. புதிதாக வருபவர் இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆஸ்திரேலியா ஆசை

அட்டைப் பலகைக் காலத்துப் பாடம் ஒன்று எல்லார் மண்டையிலும் உண்டு: ஆஸ்திரேலியாவைப் பிடி, வாசலை அடைத்துவிடு. நாலு நாடு, இரண்டு போனஸ், ஆசியாவின் சயாமிலிருந்து இந்தோனேசியாவுக்கு ஒரே வழி. பாடம் தப்பில்லை. ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் தொல்லை. போனில் ஆறு பேரில் இரண்டு பேராவது முதல் முறையிலேயே அங்கே பாய்வார்கள், ஒருவரை ஒருவர் கடித்துக் குதறி இருவருமே சப்பையாகிவிடுவார்கள், தென் அமெரிக்காவில் சத்தமில்லாமல் இருந்தவர் வளர்ந்துவிடுவார். அங்கேயும் நாலு நாடு, இரண்டு போனஸ்தான். வெனிசுவேலா, பிரேசில் என்று காக்க இரண்டு வாசல் இருக்கிறது, ஆனால் அதே இரண்டு வாசல் வழியாக வெளியேறவும் முடியும். ஆஸ்திரேலியாக்காரருக்கு வெளியேற ஆசியா ஒன்றுதான். பன்னிரண்டு நாடுள்ள அந்தக் கடலில் இறங்கினால் நிற்க இடமில்லை.

ஒற்றை வாசலைப் பற்றி நம் ஊர்க்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் மலை நெருங்கி நடுவே காற்று பிய்த்துக்கொண்டு போகிற ஆரல்வாய்மொழிக் கணவாய். கிழக்கிலிருந்து திருவிதாங்கூருக்குள் வருகிற வாசல் அது, குறுக்கே கோட்டை கட்டி அடைத்து வைத்திருந்தார்கள். 1809 பிப்ரவரியில், தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்கக் கம்பெனிப் படை வந்தது. வாசலில் வந்து முட்டவில்லை. ஒரு பிரிவு ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்குப் பக்க மலையில் ஏறி மேலிருந்து இறங்கியது, கோட்டை விழுந்தது. அதன்பின் உதயகிரி, பத்மநாபபுரம் என்று உள்ளே இருந்தவை சீக்கிரமே கைமாறின. வாசலில் மட்டும் படையை வைத்து உள்ளே வெறுமையாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரிஸ்க்கே ஆடவேண்டாம். போனில் சயாமில் 30 படை குவித்துவிட்டு மற்ற இடங்களையெல்லாம் மறந்துபோகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலைதான் ஓர்மை வரும்.

கை குலுக்கலும் கடிகாரமும்

கூட்டணிப் பட்டனை ஒப்பந்தம் என்று நம்புவது அடுத்த தவறு. திண்ணையில் அண்ணனிடம் 'இந்த முறை என்னைத் தொடாதே' என்றால் அவர் முகத்தைப் பார்த்தே உண்மையா என்று தெரியும், மீறினால் ராத்திரி சாப்பாட்டில் கேட்டுக்கொள்ளலாம். போனில் இருப்பது முகம் தெரியாத ஆளும் சில சிரிப்புப் படங்களும். கூட்டணி என்பது 'இப்போதைக்கு உன்னை அடிப்பதில் எனக்கு லாபமில்லை' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. எல்லையில் அவர் படை எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள், அதுதான் அவருடைய வாக்கு. முதலிடம் கைவிட்டுப் போனதும் இரண்டாமிடத்துக்காக ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பலசாலியை விட்டுவிட்டு நம்மை அடிப்பார்கள். அதைத் துரோகம் என்று எடுத்துக்கொண்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

நேரம். முறைக்கு இத்தனை விநாடி என்று கடிகாரம் ஓடும். தவறவிட்டுக்கொண்டே இருந்தால் நம் இடத்தில் பாட், அதாவது ஆப்பே ஆட்டுவிக்கிற இயந்திர ஆள், வந்து உட்கார்ந்து ஆடும். மழை நாளில் எங்கள் பக்கம் கரண்டும் சிக்னலும் கைகோர்த்துக்கொண்டு போவது வழக்கம், அதனால் கார்மேகம் கண்டால் நான் நேரக்கெடு வைத்த ஆட்டத்துக்குள் போவதில்லை. அதைவிட மோசமானது அவசரத்தில் விரல் செய்கிற தப்பு. ஒரு தடவை ஐரோப்பாவை உடைக்க 18 படையோடு கிளம்பினேன். முதல் நாடு விழுந்தது. எத்தனை பேர் முன்னேறவேண்டும் என்று கேட்டபோது கட்டைவிரல் வழுக்கி மூன்றில் நின்றுவிட்டது, சரி என்று அமுக்கியும் விட்டேன். மிச்சப் படை பின்னாலேயே நின்றது, முன்னால் போன மூன்று பேர் அநாதை. பிடித்த நாட்டிலிருந்துதான் அடுத்த நாட்டை அடிக்க முடியும். அடுத்த முறை வருவதற்குள் அந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். பகடையில் ஒரு குற்றமும் இல்லை.

திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது ஐந்து போன் எதற்கு என்று பிறகுதான் உறைத்தது. ஒரே போனைக் கைமாற்றி ஆடுகிற வசதி ஆப்பிலேயே இருக்கிறது. மனித முகம் வேண்டும் என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. ஈஸ்டருக்குக் கூடியபோது அப்படித்தான் ஆடினோம், மாமாவும் சேர்ந்துகொண்டார். மாமா மகன் போனைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, "கார்டு ஃபிக்ஸ்டா, புரோகிரசிவ்வா?"

ஜெயித்தது மாமா. தென் அமெரிக்கா.