ஆன்டிஆக்ஸிடென்ட் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், உதகை, கொடைக்கானல் கடைத்தெருக்களில் தேயிலை, சாக்லேட், தைலப் புட்டி ஆகியவற்றோடு இப்போது இன்னொரு வரிசையும் சேர்ந்திருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரை, ரெய்ஷிக் காளான் பொடி, நெல்லிச் சாறு என எல்லாவற்றின் மேலும் 'ஆன்டிஆக்ஸிடென்ட் நிறைந்தது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். உயிரணுக்களைச் சேதப்படுத்தக்கூடிய ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகளை அடக்கும் பொருள்களைத்தான் ஆன்டிஆக்ஸிடென்ட் என்கிறார்கள். அந்த வாசகம் பெரும்பாலும் பொய்யில்லை. அதைப் படித்துவிட்டு வாங்குபவர் தாமாக வந்து சேரும் முடிவுகள்தாம் தவறாகின்றன.

முதல் தவறு, சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணை உடலில் கிடைக்கும் பலனாக எடுத்துக்கொள்வது. இத்தகைய ஆய்வுகளில் டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளின் கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். கருநாவல் நிறத்தில் இருக்கும் அந்தக் கரைசலில் தேயிலைச் சாற்றையோ காளான் சாற்றையோ சில துளிகள் விட்டால், நிறம் வெளுத்து மஞ்சளாகிறது; எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவி அளந்து சொல்கிறது. அதுவே ஆன்டிஆக்ஸிடென்ட் ஆற்றலின் எண்ணாகிறது. தேயிலை மட்டுமன்று, துவர்ப்புள்ள எந்த மரப்பட்டையும் இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும். ஆனால் நாம் விழுங்கும் பாலிபீனால்கள் என்ற இத்தகைய தாவரப் பொருள்களில் சிறு பங்குதான் குடலால் உறிஞ்சப்படுகிறது. அதையும் கல்லீரலும் குடல் நுண்ணுயிர்களும் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. உணவுகளைச் சோதனைக் குழாய் எண்களைக் கொண்டு வரிசைப்படுத்திய 'ஓராக்' பட்டியலை, நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி, அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. விற்பவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்று நினைத்து, உணவில் உள்ளதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்குவது. கேத்தி பள்ளத்தாக்கில் மண்ணைக் கழுவி மூட்டையாகக் கட்டி அனுப்பும் கேரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். அது நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று அறிய, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் கரோட்டின் மாத்திரையைப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அதே ஆய்வில், உணவின் வழியே கரோட்டினை அதிகம் பெற்று வந்தவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வந்திருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னோர் ஆய்வைக் கேடு தெரிந்தவுடன் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதை 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே புகைபிடிப்பவர் கேரட் பொரியல் சாப்பிடத் தயங்க வேண்டியதில்லை. கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது.

ஃப்ரீ ராடிக்கல்களை முழுக்கப் பகையாக நினைப்பதும் இந்தத் தவறோடு சேர்ந்ததே. நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றைத்தான் ஆயுதமாகக் கொள்கின்றன. உடற்பயிற்சியின்போது அவை சற்றுக் கூடுவதும் தசைக்கு ஒரு சமிக்ஞையாகிறது.

தேநீருக்கு வருவோம். பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் போட்டு ஓரிரு கோப்பை குடிப்பதும், அதிலுள்ள கேட்டச்சின் என்ற பாலிபீனால்களை மட்டும் செறிவாக்கிக் குப்பியில் அடைத்ததை வெறும் வயிற்றில் விழுங்குவதும் ஒன்றாகா. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சினைத் தரும் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கோப்பைத் தேநீரிலும் ஒரு கவனம் வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் மலையில் மிகுதி. கீரை, பருப்பு, ராகி ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கும்போது, ஆன்டிஆக்ஸிடென்ட் கிடைக்கிறதென்று சோற்றுக்குப் பின் உடனே ஒரு டம்ளர் தேநீர் குடிப்பது வரவைவிடச் செலவைக் கூட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

காளானில் எர்கோதயோனின் என்ற ஆன்டிஆக்ஸிடென்ட் இருக்கிறது. 1909-இல் ரை என்ற தானியத்தில் வளரும் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதை நம் உடல் தயாரிப்பதில்லை. ஆனாலும் இதை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லவென்றே ஒரு கடத்திப் புரதம் இருப்பது 2005-இல் தெரியவந்தது. இதனால் ஆராய்ச்சியாளர்களின் ஆர்வம் கூடியிருப்பது நியாயமே. நோயைத் தடுக்கும் என்பது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. இதற்காக விலையுயர்ந்த இறக்குமதிப் பொடியைத் தேடுவது வீண். சந்தையில் கிடைக்கும் சிப்பிக் காளானில் மொட்டுக் காளானைவிட இது பொதுவாக அதிகம், சமைத்தாலும் அழிவதில்லை.

உயிருக்கே உலை வைக்கும் தவறு, காட்டுக் காளானைப் பறித்துச் சமைப்பது. மழை விட்டதும் சீகை மரத்தடியிலும் பைன் சருகிலும் வெண்குடை விரித்து நிற்பவற்றில், உண்ணத்தக்கதும் கொல்லத்தக்கதும் அருகருகே முளைக்கலாம். மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும், வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் நல்ல காளான், பூச்சி அரித்திருந்தால் மனிதரும் தின்னலாம் என்பவை எல்லாம் வெறும் நம்பிக்கைகள். அமானிட்டா இனத்துச் சில காளான்களிலுள்ள அமாடாக்ஸின் கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்து ஒரு நாள் தேறியதுபோல் இருக்கும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். எனவே சந்தேகம் எழுந்தவுடன், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருளரும் குறும்பரும் காட்டுக் காளான் உண்கிறார்களே என்று கேட்பதுண்டு. அவர்களுடைய அறிவு இன்ன இடம், இன்ன மாதம், இன்ன வகை என்று தலைமுறைகளாகத் தேர்ந்தது. கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பறிப்பவருக்கு அது வராது.

சமையலில் நடக்கும் தவறுகள் சிறியவை. கேரட்டின் கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெய்விட்டு வதக்கிய பொரியலிலேயே அது நன்றாகச் சேர்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை முழுப் பல்லாகக் கொதிக்கும் குழம்பில் போட்டால், பூண்டின் காரமணத்துக்குக் காரணமான அல்லிசின் உருவாகத் தேவையான நொதி சூட்டில் செயலிழந்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு சேர்க்கலாம்.

மருந்து சாப்பிடுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பூண்டு மாத்திரையும் ரெய்ஷிப் பொடியும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அவற்றைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெறுபவர்களுக்கு உறவினர்கள் அன்போடு வாங்கித் தரும் காளான் பொடியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்தச் சிகிச்சைகளில் சில, ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்கியே புற்றணுக்களை அழிக்கின்றன; அவற்றை அடக்கும் பொருள் சிகிச்சைக்கே குறுக்கே நிற்கக்கூடும். புட்டியைப் பிரிக்கும் முன்பே சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.