பக்கவாத வார்டில் ஓ.டி. குழுவை நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரோக் வந்து படுத்திருப்பவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) பெரும்பாலும் முக்கால் மணி நேரம்தான். மீதி இருபத்து மூன்றேகால் மணி நேரமும் அவர் மகளின் கையில், சிஸ்டரின் கையில், இரவு ஷிஃப்ட் ஆயாவின் கையில் இருக்கிறார். குழுத் தலைவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. அந்த முக்கால் மணி நேரத்தை நன்றாக நடத்திவிட்டு, மற்ற நேரம் தன் பொறுப்பில் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாளில் அவசரம்

'சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் குணமாகும்' என்ற நம்பிக்கை வார்டுகளில் வலுவாக இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த அவெர்ட் ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக அளவில் எழுப்பி நடமாட வைத்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்து நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைந்தே இருந்தது. இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் படுக்கவே வைப்பது அடுத்த தவறு. நிலைமை சீரானதும், டாக்டரின் அனுமதியோடு, சிறிது நேரம் உட்கார வைத்துத் தொடங்கலாம். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பாருங்கள். உட்கார்ந்த ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், தலை சுற்றினால், முகம் வெளிறினால், திரும்பப் படுக்க வைத்து வார்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த எண்களைக் குழுவில் கடைசியாகச் சேர்ந்த இன்டர்ன்கூட மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

தோளை இழக்கும் விதம்

கை முழுவதும் தளர்ந்திருக்கும்போது தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் வேலை செய்வதில்லை. கையின் பாரம் முழுவதும் மூட்டைச் சுற்றிய சவ்விலும் தசைநார்களிலும் தொங்குகிறது. அந்த நேரத்தில் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தாலோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ மூட்டு கீழே இறங்கும், உள்ளே கிழியும், வலி பிடித்துக்கொள்ளும். தோள் வலித்தவர் பிறகு கையைத் தொடவே விடமாட்டார். மூன்று மாதப் பயிற்சி அங்கேயே நின்றுபோகும்.

இழுப்பது யார் என்று கவனித்தால், தெரபிஸ்ட் அல்ல. படுக்கை விரிப்பு மாற்றுபவர், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் மாற்றுபவர், 'நைனா, எந்திரி' என்று பாசத்தோடு கைகொடுக்கும் மகன். ஆகவே தெரபி அறைக்குள் மட்டும் தோளைப் பற்றிப் பாடம் நடத்திப் பயனில்லை. வார்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். 'கையைப் பிடிக்காதீங்க, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால ஒரு கை, இடுப்புல ஒரு கை' என்று செய்து காட்டி, அவர்களையும் செய்ய வையுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இதை மாதம் ஒரு முறையாவது திரும்ப நடத்த வேண்டும். தளர்ந்த கையில் டிரிப்ஸ் ஊசியும் பி.பி. பட்டையும் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டில் தலைமாட்டில் எந்தப் பக்கம் பலவீனம் என்று படத்தோடு ஓர் அட்டை தொங்கட்டும். வேலூர் வார்டுகளில் தமிழ் மட்டும் எழுதிய அட்டை பாதிப் பேருக்குப் பயன்படாது. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து உருதுக் குடும்பம், சித்தூரிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம், வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்த குடும்பம் எல்லாரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள்.

ஸ்லிங், அதாவது கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பட்டை, நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்க மாட்டியே வைத்தால் கை மடங்கியபடி இறுகும். உட்கார்ந்ததும் கழற்றி, மடியில் தலையணை வைத்து முழங்கையையும் உள்ளங்கையையும் தாங்க வேண்டும். தலைக்கு மேல் கயிறு கட்டி இழுக்கும் புல்லியைப் பலவீனமான தோளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஸ்மைலி பந்து

இரண்டாவது நாளே குடும்பத்தார் ஒரு மஞ்சள் பந்து வாங்கி வந்துவிடுவார்கள். நாள் முழுக்க அதை அமுக்கச் சொல்வார்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விரலை மடக்க வந்துவிடும், விரிக்கத்தான் வராது. டம்ளரைப் பிடிக்க முதலில் கை திறக்க வேண்டும். பந்து பழக்குவதோ மூடுவதை மட்டும். 'வேண்டாம்' என்று பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். அதன் இடத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள்: காலி எவர்சில்வர் டம்ளரைத் தொட்டு, விரலை விரித்துப் பிடித்து, ஒரு சாண் தள்ளி வைத்து, விட வேண்டும். விடுவதுதான் பயிற்சி.

அடுத்த குறை எண்ணிக்கை. 2009-இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு தெரபி நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. கைக்கான வேலை சார்ந்த அசைவுகள் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே. மூளை புதிய வழி கற்க நூற்றுக்கணக்கில் வேண்டும். உங்கள் குழுவில் யாராவது எண்ணுகிறார்களா? ஒரு கிண்ணத்தில் ஐம்பது புளியங்கொட்டை போட்டு, ஒவ்வொரு முறைக்கும் ஒன்றை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றச் சொன்னால் கூட இருப்பவரே எண்ணிவிடுவார். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2023 வழிகாட்டுதலில் எல்லாத் தெரபியும் சேர்த்து வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும் என்கிறது. நம் ஆள்பலத்தில் தெரபிஸ்ட் மட்டும் அதைத் தர முடியாது. கட்டிலருகே நடக்கும் பயிற்சியையும் திட்டமிட்டால்தான் அந்த அளவை நெருங்கலாம்.

நல்ல கையைக் கட்டி வைத்துப் பலவீனமான கையைப் பழக்கும் முறையை எல்லாருக்கும் கொடுப்பதும் தவறு. மணிக்கட்டு குறைந்தது 20 டிகிரி, விரல்கள் 10 டிகிரி தானாக நிமிர வேண்டும். அதுகூட வராதவரின் நல்ல கையைக் கட்டினால் மிஞ்சுவது அவமானம் மட்டும்தான்.

தட்டும் கழிப்பறையும்

நம் ஊரில் வலக்கை செயலிழந்தவருக்கு இருக்கும் துயரம் மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கும் வராது. இடக்கையால் சாப்பிடுவது அவருக்குக் கூச்சம். பந்தியில் உட்காரமாட்டார், விருந்தாளி வந்தால் பசியில்லை என்பார். 'இடக்கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அவர் பிறர் ஊட்டுவதற்குப் பழகிக்கொள்வார். முதலில் கேளுங்கள்: எந்தக் கையால், யார் முன்னால் சாப்பிட உங்களுக்குச் சம்மதம்? வலக்கையில் கொஞ்சமாவது பிடி இருந்தால், ஸ்பூன் கைப்பிடியில் துணியோ நுரைக் குழாயோ சுற்றி மூன்று செ.மீ. தடிமனாக்கி, ஓரம் உயர்ந்த தட்டில், தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்து, முதல் ஐந்து வாயை மட்டும் வலக்கையால் எடுக்கச் சொல்லுங்கள். மீதியை இடக்கையால் முடிக்கலாம்.

விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் சாப்பாட்டுப் பயிற்சி தொடங்குவது உயிருக்கே ஆபத்து. தண்ணீர், ரசம், மோர் போன்ற நீர்த்தவைதான் பலருக்கு மூச்சுக்குழாய்க்குள் எளிதாகப் போகின்றன. ரசஞ்சாதம் லேசான உணவு என்று வீட்டார் கொண்டுவருவார்கள். நீரும் பருக்கையும் ஒன்றாக வரும் அதைச் சமாளிப்பது கடினம். வடாற்காட்டு வீடுகளில் கேழ்வரகுக் களியை உருட்டி மெல்லாமல் விழுங்குவது வழக்கம். இந்த நோயாளிக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உணவு விசாரிக்கும்போது 'களி சாப்பிடுவாரா?' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

இடக்கை செயலிழந்தவருக்குச் சிக்கல் கழிப்பறையில். வலக்கையால் கழுவ மனம் ஒப்பாமல், மனைவியைக் கூப்பிடவும் வெட்கப்பட்டு, சிலர் சாப்பாட்டையே குறைத்துக்கொள்கிறார்கள். வலப்பக்கச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு ஹெல்த் ஃபாசெட் பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. இந்தப் பேச்சை எடுக்கத் தெரபிஸ்டே கூச்சப்பட்டால் நோயாளி எப்படி எடுப்பார்? குழுவில் யார் கேட்பது என்று தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகிதத்தில் பாஸ், தட்டில் ஃபெயில்

வலப்பக்க மூளை பாதித்தவர்களில் பலருக்கு இடப்பக்க உலகம் கவனத்திலிருந்தே விலகிவிடும். தாளில் சிதறியிருக்கும் சிறு நட்சத்திரங்களைத் தேடி அடிக்கும் சோதனையில் 54-க்கு 52 வாங்குவார். தட்டின் இடப்பக்கம் இருந்த இட்லி அப்படியே இருக்கும். தாளை மட்டும் நம்பாமல் அவர் சாப்பிடுவதையும் சவரம் செய்வதையும் சக்கர நாற்காலியை வாசலில் திருப்புவதையும் பாருங்கள். பயிற்சியில் இடப்பக்கம் தேட வையுங்கள். ஆனால் அழைப்பு மணி வலப்பக்கமே இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக் கடிகாரம் வரையச் சொல்லி, மதிப்பெண் குறைந்ததும் 'அறிவாற்றல் குறைவு' என்று எழுதுவது அநியாயம். ஐம்பது ரூபாய் கொடுத்து மீதிச் சில்லறை எண்ணச் சொல்லுங்கள், டீ போடும் வரிசையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இலக்கு யாருடையது?

'வலது கைச் செயல்திறனை மேம்படுத்துதல்' என்று எழுதிய இலக்கை அடைந்தோமா என்று யாராலும் சொல்ல முடியாது. 'பத்து நாளுக்குள், நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி பக்கத்தில் நிற்க, சட்டையைத் தானே போட்டுக்கொள்வார்' என்றால் சொல்லலாம். சட்டையை மடியில் காலர் தன் பக்கம் இருக்கப் பரப்பி, பலவீனமான கையை முதலில் நுழைத்து, கைப்பகுதியைத் தோள்வரை முழுவதும் ஏற்றிவிட்டு, பிறகே முதுகுக்குப் பின்னால் சுற்ற வேண்டும். முழங்கையோடு நிறுத்திவிட்டுச் சுற்றினால் துணி பிடித்துக்கொண்டு தோளை இழுக்கும். கழற்றும்போது நல்ல கை முதலில்.

வீட்டுக்கு அப்பாலும் இலக்கு வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அம்மாவுக்கு இலை வெட்டுவது, சுருட்டுவது, நூல் கட்டுவது என்று மூன்று தனித்தனிக் கைவேலைகள் இருக்கின்றன. இலையும் நூலும் போதும். புகையிலை தெரபி அறைக்குள் வேண்டாம். தறிக்காரருக்குக் கால் மிதியும் கைக்கயிறும் சேர்ந்து இயங்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரருக்கு விரல் நுனியின் உணர்ச்சி திரும்பாமல் தையல் மெஷின் அருகே போவது ஆபத்து. வேலூர் பாகாயத்தில் 1966-இல் உருவான மறுவாழ்வு மையத்துக்கு வழிவகுத்த டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்தவர். வேலைக்குத் திரும்புவது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையை ஒரே நிலையில் தாங்கி வைக்கும் பிளாஸ்டிக் அச்சான ஸ்பிளின்ட் பற்றிச் சுருக்கமாக: கை இறுகுவதைத் தடுக்கும் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்து மாட்டுவதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. தேவை இருந்து செய்தால், கழற்றிய அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லையா என்று பார்க்கக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். இந்தப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் இளகுவது. வேலூர் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வடிவம் போய்விடும்.

குழுவுக்குள்

அன்றாட வேலைகளில் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் மதிப்பெண்ணில் ஒருவர் 45 போடுவார், இன்னொருவர் 60 போடுவார். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருவர் நோயாளி செய்வதை எழுதுகிறார், மற்றவர் அவரால் செய்ய முடியும் என்று நினைப்பதை எழுதுகிறார். பார்தெல் கேட்பது நேற்றும் இன்றும் உண்மையில் செய்ததை. மாதம் ஒரு முறை இருவர் ஒரே நோயாளிக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டும். தலைவர் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரின் அமர்விலும் இருபது நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது. பிசியோவுக்கு அடுத்த நிமிடமே ஓ.டி. என்று அட்டவணை போட்டால் களைத்த உடம்புதான் நம்மிடம் வரும். சோர்ந்து ஒத்துழைக்காதவரை 'சோம்பல்' என்று குறிப்பில் எழுத விடாதீர்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்தும் உண்டு.

எண்ணெய், ஒத்தடம், புறா ரத்தம் என்று வீட்டார் கேட்கும்போது முகம் சுளித்தால் நமக்குத் தெரியாமல் செய்வார்கள். கேட்டுக்கொண்டு, உணர்ச்சியில்லாத கையில் சூட்டு ஒத்தடம் கொப்புளமாகும் என்ற ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ்

வீட்டுக்குப் போகும் நாளன்று வீட்டைப் பற்றிக் கேட்பது மிகத் தாமதம். சேர்ந்த முதல் வாரமே வாசற்படி, நிலைப்படி, கட்டில், கழிப்பறை ஆகியவற்றைப் போனில் படம் எடுத்து, டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். கழிப்பறை இருக்கை 43 முதல் 45 செ.மீ. உயரம் பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். மேஸ்திரி சொல்லும் மூன்றடிச் சரிவில் சக்கர நாற்காலி பின்னால் சாயும்.

குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், தெரபிஸ்ட் தேவையில்லை என்ற எண்ணமும் தவறு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்து 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வில், குடும்பத்தாரைப் பயிற்றுவித்து வீட்டில் செய்ய வைத்ததால் ஆறு மாத முடிவில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. குடும்பப் பயிற்சி அவசியம்தான். தெரபிக்கு அது ஈடாகாது. ஆகவே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோ குழுவிடம் சேர்க்க, டிஸ்சார்ஜ் தாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன் செய்யுங்கள். 'எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் 'நல்லா இருக்கார்' என்பார்கள். 'நேத்து யார் குளிப்பாட்டினது? சட்டையை யார் போட்டுவிட்டது? ராத்திரி பாத்ரூமுக்கு யார் கூட வந்தது?' என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு நோயாளியோடு அவரையும் கூட்டி வரச் சொல்லி, அந்த மூன்று வேலையையும் அவர் எதிரிலேயே நோயாளியைச் செய்ய வையுங்கள்.