அறத்தில் வளர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டும் நாட்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோயில்களில் இளைஞர்கள் எடுக்கும் சபதங்கள் மனதாரச் சொல்லப்படுபவை. புலால் இல்லை, மது இல்லை, சுடுசொல் இல்லை. ‘நான் மாறினால் ஊர் மாறும்’ என்று நம்புகிறார்கள். நல்ல நம்பிக்கைதான். ஆனால் முன்னே போனவர்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். பொய், களவு பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

அளக்க முடியாத சபதம்

‘இனிக் கோபப்பட மாட்டேன்’ என்பதைக் காப்பாற்றினோமா என்று யாராலும் சொல்ல முடியாது. கோபம் தானாக வரும். செயல்தான் நம் கையில். ‘கோபத்தில் எழுதிய வாட்ஸ்அப் செய்தியை மறுநாள் காலை வரை அனுப்ப மாட்டேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாளுக்கு, இப்படி ஒன்றே போதும். தவறிய நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு மேலே தொடருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால், தவறியதை மறைக்கத்தான் மனம் பழகும்.

பிறரைத் திருத்தப் புறப்படுவது

அந்த 48 நாளும் இந்த வேலை வேண்டாம்.

‘முதலில் நான் திருந்துகிறேன், ஊர்ப்பணி பிறகு’

பெரிய நட்டம் இதில்தான். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அடக்கம்போல் ஒலிக்கிறது. தமிழ் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டால், ‘எனக்கே இன்னும் பொறுமை வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார்கள். அடுத்த வருஷமும் அதே பதில். பொறுமை வந்திருக்காது, வகுப்பு மட்டும் நின்று போயிருக்கும்.

பொறுமையும் நேர்மையும் தனி அறையில் வளர்வதில்லை. அடுத்தவரோடு சேர்ந்து வேலை செய்யும்போதுதான் அவற்றுக்கு வேலையே வருகிறது. காந்தியும் அவருடைய போராட்டத் தோழர்களின் குடும்பங்களும் சேர்ந்து வாழ 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சமையல், தோட்டம், துப்புரவு எல்லாமே பயிற்சிதான். சொந்த விருப்பத்துக்காக நகரத்துக்குப் போகிறவர் 21 மைல் நடந்தே போக வேண்டும். பண்ணை வேலையாகப் போகிறவருக்குத்தான் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. அங்கே பொறுப்பில் இருந்த தம்பி நாயுடு முன்கோபி என்று காந்தியே எழுதியிருக்கிறார். கோபம் தீரட்டும் என்று நாயுடு காத்திருந்தால், பலமுறை சிறை சென்ற அந்தப் போராளி நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

1913 நவம்பர் 6 அன்று காந்தியின் தலைமையில், நேட்டால் எல்லை ஊரான சார்லஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தார்கள். கூலி ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மீதான மூன்று பவுண்டு வரியை எதிர்த்த நடை அது. பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள், யாரும் முனிவரல்லர். நாளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில் எவர் பொருளையும் தொடக்கூடாது, அடித்தாலும் திட்டினாலும் பொறுக்க வேண்டும், போலீஸ் பிடித்தால் உடன்பட வேண்டும். சரிபார்க்கக்கூடிய விதிகள், சேர்ந்து செய்யும் காரியம்: இவை இரண்டும் சேர்ந்துதான் அவர்களை அப்படி நடக்க வைத்தன. காந்தியை நான்கு நாளில் மூன்று முறை கைது செய்தும் நடை நிற்கவில்லை. அவர் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று.

ஆகவே சபதம் எடுத்த அதே வாரத்தில் ஒரு பொதுவேலையையும் எடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, இரண்டு மணி நேரம், குறைந்தது மூன்று பேரோடு. அதில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆடிக் கூழ் பூசை முடிந்ததும் அண்டா கழுவுவது சரியான தொடக்கம். கழுவினீர்களா இல்லையா என்று பார்த்தாலே தெரியும். மேடைப் பேச்சு வேண்டாம், புகழ் சீக்கிரம் ஏறும்.

நல்லவர் என்று கணக்குக் கேட்காமல் விடுவது

ஒருவரின் நேர்மை அவரோடு போய்விடும். வழக்கமாக்கினால்தான் ஊரில் தங்கும். உண்டியலை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், மற்றவர்கள் முன்னிலையில் திறக்கட்டும். எண்ணியதும் இருவரும் கையெழுத்திட்டு, தொகையை அன்றைக்கே பலகையில் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.