இராஜதந்திரியின் குறிப்பில் ஒரு வரி: திருகோணமலைத் தொண்டர்களைச் சர்வதேசப் பரப்புரைக்குப் பயிற்றுவித்தல்

கொழும்பிலுள்ள ஒரு தூதரகத்தின் அரசியல் பிரிவுச் செயலாளர் திருகோணமலைக்கு வந்தால், அவருடைய நாள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் அமையும். காலையில் மாவட்டச் செயலகம், அதன் பின் சமயத் தலைவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘சிவில் சமூகம்’ என்று நிகழ்ச்சி நிரலில் குறிக்கப்பட்ட ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பன்னிரண்டு அமைப்புகள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும். அறிமுகமும் தேநீரும் போக ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விடயம். இரவு விடுதிக்குத் திரும்பியதும் அவர் தம் தலைநகருக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதுவார். அந்த இரண்டு பக்கத்தில் நம் ஊரைப் பற்றிய ஒரு வரியாவது பிழையில்லாமல் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இங்கே விவரிக்கப்படும் பயிற்சி முழுவதும் அமைந்திருக்கிறது.

ஆகவே பயிற்சியின் முதல் நாளில் ஐ.நா. கட்டமைப்பைப் பற்றிய விளக்கப்படத்தைச் சுவரில் காட்டத் தொடங்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, யாரிடம், எதை, எந்தத் திகதிக்குள் கேட்கிறோம் என்பதை ஒரே வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை பெரும்பாலானவர்கள் ‘எங்கள் காணியை மீட்டுத் தர உதவ வேண்டும்’ என்றே எழுதுவார்கள். எந்த இராஜதந்திரியாலும் காணியை மீட்டுத் தர முடியாது. அமைச்சு அதிகாரியிடம் ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவரால் முடியும். ‘அடுத்த மாதம் அமைச்சில் சந்திப்பு நடக்கும்போது, இன்ன கிராம அலுவலர் பிரிவில் உறுதிப்பத்திரம் வைத்திருக்கும் இத்தனை குடும்பங்களின் காணிகள் எந்தத் திகதியில் அளக்கப்படும் என்று கேளுங்கள்’ என்று எழுதினால், அவர் அதை அப்படியே குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசனத்துக்காக அரை நாள் செலவானாலும் தவறில்லை. இம்மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்து 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் இருந்த காலத்தில் வந்து போனவர்களுக்கெல்லாம் அவர்கள் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லிக் களைத்துப்போனதை இம்மாவட்டத்தில் வேலை செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆட்களைத் தெரிவு செய்வதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரைப் பிரதிநிதியாக்கக் கூடாது. பாதிப்பை நேரில் அறிந்த ஒருவரும், ஆவணங்களைக் கையாளத் தெரிந்த ஒருவரும், மொழிபெயர்ப்பவர் ஒருவருமாக மூவர் சேர்ந்து போவதே சரி. தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் ஒரே கடலையும் ஒரே குளங்களையும் பங்கிட்டுக்கொள்ளும் மாவட்டம் இது என்பதால், மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வருபவர்கள் ஒரே கோரிக்கையை ஒரே குரலில் முன்வைக்கும்போது, ‘இது ஒரு தரப்பின் முறைப்பாடு’ என்று யாராலும் ஒதுக்கிவிட முடியாது. அதற்கு அவர்கள் கொழும்புப் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே தமக்குள் பேசி முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது வீணன்று. பல கூட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். உவர்மலையில் நடந்த ஓர் ஒத்திகையில் குச்சவெளிப் பக்கத்திலிருந்து வந்த கரைவலைத் தொழிலாளி ஒருவர், “எங்கட பாடு போயிட்டுது, தம்பி” என்றார். கரைவலை இழுப்பதற்கென்று ஒருவருக்கு உரித்தான கடற்கரைத் துண்டைத்தான் அவர் சொன்னார். பக்கத்தில் இருந்த பட்டதாரி இளைஞர் அதை ‘எங்கள் துன்பம் நீங்கிவிட்டது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மண்டபம் சிரித்தது, ஐயா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவும் தன் சொற்பட்டியலைத் தானே எழுதி, மொழிபெயர்ப்பவரோடு ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினோம்.

அந்தப் பட்டியலில் சில சொற்கள் எப்போதும் இருக்க வேண்டும். ‘காணாமல் போனவர்’ என்பதும் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பதும் சட்டத்தில் ஒன்றல்ல. முன்னையது புயலில் தொலைந்தவரையும் குறிக்கும், பின்னையது இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசச் சமவாயத்தின்கீழ் வரும் குற்றத்தைக் குறிக்கும். நாம் பேச்சில் ‘அகதி முகாம்’ என்போம். ஆனால் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தின்படி எல்லை கடந்து போனவரே அகதி, நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியையும், அரசு அனுமதி கொடுத்துப் பயன்படுத்த விட்ட அனுமதிப்பத்திரக் காணியையும் ஒன்றாக்கிவிட்டால், அரச தரப்பு ஒரே வரியில் நம் முழுக் கோரிக்கையையும் மறுத்துவிடும்.

பேச்சு ஒத்திகைக்குக் கைத்தொலைபேசியின் நேரக்கணிப்பியே போதும். ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் பொது விவாதங்களில் அரச சார்பற்ற நிறுவனமொன்றுக்குக் கிடைப்பது 90 விநாடி. நேரம் முடிந்தால் ஒலிவாங்கி நின்றுவிடும். ஐ.நா.வின் உத்தியோகபூர்வ மொழிகள் ஆறு, தமிழ் அவற்றில் இல்லை. ஆங்கில உரையில் 180 சொற்களைத் தாண்டினால் உரைபெயர்ப்பாளர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்பதால், கோரிக்கையைக் கடைசி வசனத்துக்கு வைக்காமல் இரண்டாம் வசனத்திலேயே சொல்லிவிடப் பழக்குங்கள். ஒருவர் பேசும்போது மற்றொருவர் இராஜதந்திரியாக அமர்ந்து, இடையிடையே கடிகாரத்தைப் பார்க்கவும், ‘இதற்கு ஆதாரம் என்ன?’, ‘அரசாங்கம் வேறு விதமாகச் சொல்கிறதே?’ என்று கேட்கவும் வேண்டும். தெரியாத கேள்விக்கு ‘உறுதிப்படுத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறோம்’ என்பதுதான் விடை. ஊகித்துச் சொன்ன ஓர் எண் பிழைத்தால், சரியாகச் சொன்ன ஒன்பதும் அதனோடு போய்விடும்.

யாரிடம் போவது என்பதைத் தீர்மானிக்க ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் இலங்கை பற்றிய 51/1 தீர்மானம் பேரவையில் 20 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக 7 நாடுகள் வாக்களித்தன, 20 நாடுகள் நடுநிலை வகித்தன. பயிற்சி பெறுபவர்களிடம் இந்த எண்களைக் கொடுத்து, தங்களிடம் ஒரே ஒரு நாள் இருந்தால் எந்த நாட்டின் பிரதிநிதியைச் சந்திப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் பிரித்தானியாவையும் கனடாவையுமே சொல்வார்கள். அவர்கள் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள். அவர்களிடம் விவரம் கொடுக்கலாம், ஆனால் மனத்தை மாற்ற வேண்டியது நடுநிலை வகித்த இருபதில்தான். அந்த நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கிறதா என்று தேடுவதே ஒரு நல்ல பிற்பகல் பயிற்சி.

ஜெனீவாவுக்குப் போவது மட்டுமே சர்வதேசப் பரப்புரை என்ற எண்ணத்தை நான் ஊக்குவிப்பதில்லை. மனித உரிமைகள் பேரவையில் வாய்மொழியாகப் பேசுவதற்கு ஐ.நா. பொருளாதார சமூகப் பேரவையின் ஆலோசனை அந்தஸ்து வேண்டும். அது இல்லாத சிறிய அமைப்பு, அந்தஸ்துள்ள ஒன்றின் ஊடாகவே பேச முடியும். ஆனால் ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் சுற்று முறையில் ஆராயும் உலகளாவிய காலாந்தர மீளாய்வுக்கு எழுத்துமூல அறிக்கை அனுப்ப அந்த அந்தஸ்து தேவையில்லை. தனி அமைப்பு 2,815 சொற்களுக்குள்ளும், பல அமைப்புகள் சேர்ந்து 5,630 சொற்களுக்குள்ளும் எழுதலாம். இலங்கை கடைசியாக 2023 பெப்ரவரியில் மீளாய்வுக்கு உட்பட்டது. அடுத்த சுற்றுக்கான வேலையை, அறிக்கைக்கான கடைசித் திகதிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், 1980இல் அமைக்கப்பட்ட ஐ.நா. செயற்குழுவுக்கு நேரடியாகவே முறையிடலாம். உள்நாட்டு நீதிமன்ற வழிகள் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு வாயில், நம் ஏற்றுமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை: 2010இல் இழந்த அதனை இலங்கை 2017 மே மாதத்தில் மீளப் பெற்றது, 27 சர்வதேசச் சமவாயங்களின் நடைமுறை அதற்கு நிபந்தனை. அதைக் கண்காணிக்க வரும் குழுவுக்குத் தொழிலாளர், பெண்கள், காணி பற்றிய தகவல் தேவைப்படுகிறது. விசா, விமானச் செலவு எதுவுமின்றி எட்டக்கூடிய வாயில் இதுதான்.

உடை, வாழ்த்து முறை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வழக்கமாக ஊர்க் கூட்டத்துக்கு உடுப்பதை உடுத்தி, நேரத்துக்குப் போனால் சரி. கொழும்புச் சந்திப்பு என்றால் 260 கிலோமீட்டர் பயணம். இரவுப் பேருந்தில் தூங்காமல் போய்க் காலை ஒன்பது மணிக்குப் பேச வைப்பதை மட்டும் தவிருங்கள்.

பாதுகாப்பைப் பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். சந்திப்புக்குப் பின் ‘யார் வந்தார்கள், என்ன பேசினீர்கள்?’ என்று வீட்டுக்கு வந்து விசாரிப்பது இங்கே புதிதல்ல. ஆகவே ஒருவருடைய பெயர், படம், வாக்குமூலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் பெற வேண்டும். சம்மதித்தவர் மறுநாள் காலை மனம் மாறினால் அதையும் கேள்வியின்றி ஏற்க வேண்டும். சந்திப்புப் படத்தை அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. ஐ.நா.வோடு ஒத்துழைத்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்களைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார் என்பதையும், அச்சுறுத்தல் வந்தால் அன்றைய திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகளை உடனே எழுதி வைக்க வேண்டும் என்பதையும் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

சந்திப்பு முடிந்து இரண்டு நாட்களுக்குள் ஒரு பக்க மின்னஞ்சல் போக வேண்டும்: நாம் கேட்ட வசனம், அனுப்புவதாக நாம் சொன்ன ஆதாரம், அவர் சொன்ன பதில். அதே வாரத்தில் பிரதிநிதிகள் ஊருக்குப் போய், வாசிகசாலையிலோ மீனவர் சங்கக் கட்டடத்திலோ மக்களைக் கூட்டி, என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் திகதியோடு பதியுங்கள். பதில் வராவிட்டால் ‘பதில் வரவில்லை’ என்றே எழுதுங்கள். அந்தச் செயலாளர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், அவருடைய கதிரைக்கு வருபவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.