பரபரப்புச் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பெயரைப் போடவில்லையே, அப்புறம் என்ன?" பரபரப்புப் பத்திரிகைக்காரர்கள் சொல்லும் சமாதானம் இது. பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியின் பெயரை விட்டுவிடுவார்கள். ஆனால் கொட்டாஞ்சேனை என்று இடம் வரும், பாடசாலை வரும், வகுப்பு வரும், தந்தை முச்சக்கரவண்டி ஓட்டுகிறார் என்பதும் வரும். அந்த ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரத்தையும் தடுக்கிறது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆள் யாரென்று புரிந்துவிட்டால் விபரங்களை இன்னும் வெட்ட வேண்டும்.

அடுத்தது, யார் சொன்னது என்றே தெரியாத செய்தி. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழித்து, 2019 மே மாதம், ஒரு சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு குற்றச்சாட்டைப் போட்டது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாராம். 4,000 என்று யார் எண்ணினார்கள், எந்த ஆவணத்தில்? அதைக் கேட்காமலே அச்சுக்குப் போனது. சில நாட்களில் குருநாகலில் ஒரு வைத்தியர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதமே நீதிமன்றத்தில் சொன்னது. அவர் மீண்டும் வேலைக்குத் திரும்ப வருடங்கள் ஆயின. தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டால் தப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வாசகர் கேள்விக்குறியை வாசிப்பதில்லை.

பிரிட்டனில் 168 வருடப் பழமையான நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் பத்திரிகை 2011இல் மூடப்பட்டது, கொலையுண்ட சிறுமியின் கைத்தொலைபேசிக் குரல் தகவல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்டது அம்பலமானதால். கொழும்பில் அவ்வளவு சிரமம் எதற்கு? இறந்தவரின் முகநூல் திறந்தே கிடக்கிறது. படத்தை எடுத்துப் போட்டுவிட்டு, வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்தார் என்ற விபரம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, திருத்தம். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டதும் பலருக்குப் பயம் விட்டுப்போனது. நட்டஈட்டு வழக்கு இன்னும் போடலாம் என்பது மறந்துபோனது. 2003இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு பத்திரிகைத் துறையே அமைத்துக்கொண்டது. அங்கே முறைப்பாடு போகும்வரை காத்திருக்காமல், பிழை தெரிந்த அடுத்த இதழிலேயே, செய்தி வந்த அதே பக்கத்தில் திருத்தத்தைப் போடுங்கள். பதினோராம் பக்கத்து மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம்.