ஸ்வீட் கார்ன்: ஒரே வரிசையில் மட்டும் நட்டுவிடாதீர்கள்

போன வருஷம் வேலியோரமாக ஒரே வரிசையில் ஸ்வீட் கார்ன் போட்டேன். செடி ஆள் உயரம் வளர்ந்தது. கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி, அப்பட்டமான பொக்கைவாய்! உரத்திலும் தண்ணீரிலும் குறை வைக்கவில்லை. நட்ட விதம்தான் தப்பு. இந்த வருஷம் மாற்றி நட்டேன், சரியாக வந்தது.

ராமநாதபுரம் கடலோர மணல் பூமியான எங்கள் உச்சிப்புளிப் பக்கம் மழை ஓய்ந்து பொங்கல் கழித்து விதைப்பது நல்லது. கிணற்றில் அப்போது நல்ல தண்ணீர் இருக்கும்; சித்திரைக்குள் உப்பு ஏறிவிடும். தென்னை தாங்குகிற உப்பை ஸ்வீட் கார்ன் தாங்காது.

மணலில் போட்ட சத்தெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதனால் மக்கிய ஆட்டு எருவை அடியில் பாதி, 25ஆம் நாள் மண் அணைக்கும்போது மீதி என்று பிரித்துப் போடுங்கள். பை பையாக விற்கும் மண்புழு உரத்துக்கு நான் காசு செலவழிப்பதில்லை.

நாலு வரிசை, வரிசைக்கு நாலு என்று சதுரமாக 16 குழி. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு விதை. முளைத்த பின் நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மயில் கிளறாமலிருக்கப் பழைய மீன்வலையை மேலே விரித்துவிட்டேன்.

இனிதான் நான் கோட்டைவிட்ட இடம். உச்சியில் விரிவது ஆண் பூ. கதிர் நுனியில் தொங்கும் முடி ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு சேர்ந்தது. மகரந்தம் படாத முடிக்கு மணி கிடையாது. ஒற்றை வரிசையில் நட்டால், கடல்காற்று அந்தத் தூளைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். சதுரமாக நட்டாலும் நான் காற்றை முழுசாக நம்புவதில்லை. பனி காய்ந்ததும், காலை எட்டரை மணி வாக்கில், பூவை வளைத்து டிபன் பாக்ஸ் மூடியில் தட்டுவேன். மஞ்சள் தூள் உதிரும். அதை முடிமேல் தூவுவேன். முடி ஒரே நாளில் முழுக்க வெளிவராது என்பதால் நாலு நாள் விடாமல் செய்ய வேண்டும். பிரஷ் வேண்டாம், பாதித் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் படைப்புழு. 2018இல் கர்நாடகத்தில் தலைகாட்டியது, இப்போது எங்கும் இருக்கிறது. கையால் பொறுக்கிவிட்டு, குருத்துக்குள் ஒரு சிட்டிகை காய்ந்த மணல் போடுங்கள். மணலுக்கா நமக்குப் பஞ்சம்!

முடி வந்து சுமார் 20 நாளில் அது கருகும். ஒரு மணியை நகத்தால் கீறுங்கள்: தண்ணீர் வந்தால் பொறுங்கள், பால் வந்தால் பறியுங்கள். உலையை வைத்துவிட்டுத்தான் பறிக்கப் போவேன். பறித்த நேரம் முதல் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும்.

பின்சேர்க்கை: கமுதியிலிருந்து ஒருவர், மணி நிறைய பிடித்தும் இனிப்பே இல்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பக்கத்து வயலில் தீவன மக்காச்சோளம். அந்த மகரந்தம் பட்டால் மணி மாவாகிவிடும். அங்கே பூக்கும் காலத்துக்கு மூன்று வாரமாவது தள்ளி உங்களுடையது பூக்கும்படி விதையுங்கள்.